ஆறு பிழைகளும் ஓர் ஐயமும்

விண்டோஸ் எக்ஸ்பி ஓடிய லேப்டாப்களில் விசித்திரமான ஒரு நோய் இருந்தது. வாங்கிச் சில வாரங்களே ஆன இயந்திரம் ஒரு நாள் திடீரென்று சோம்பிவிடும். பாட்டு கரகரக்கும். மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகும். ஒரு கோப்பைப் பிரதி எடுக்கத் தொடங்கினால் மற்ற வேலையெல்லாம் நின்றுவிடும். எந்த நிரல் பிராசசரைத் தின்கிறது என்று டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால், பட்டியலில் குற்றவாளி என்று ஒருவரும் அகப்படமாட்டார். காரணம் ஹார்ட் டிஸ்க்குக்கும் நினைவகத்துக்கும் இடையிலான போக்குவரத்தில் இருந்தது. சாதாரணமாக டிஸ்க்கிலிருந்து வரும் தரவு, பிராசசரைத் தொந்தரவு செய்யாமல் நேராக நினைவகத்தில் போய் இறங்கும். இதற்கு டிஎம்ஏ என்று பெயர். அந்த வழியில் பிழைகள் நேர்ந்தால் விண்டோஸ் எண்ணிக்கொண்டே வரும். டிஸ்க் குறித்த நேரத்துக்குள் பதில் சொல்லாமல் போவது ஒரு பிழை. வந்த தரவு சரிபார்ப்பில் பொருந்தாமல் போவது இன்னொரு பிழை. மொத்தம் ஆறு சேர்ந்ததும் வேகத்தை ஒரு படி இறக்கும். இப்படி இறங்கி இறங்கிக் கடைசியில் பிஐஓ என்ற பழைய முறையில் வந்து நிற்கும். அதில் டிஸ்க்கிலிருந்து வரும் ஒவ்வொரு துணுக்கையும் பிராசசரே கையால் வாங்கி நினைவகத்தில் வைக்க வேண்டும். கல்யாண வீட்டுத் தலைமைச் சமையல்காரரே கிணற்றுக்கும் அடுப்புக்கும் நடந்து தண்ணீர் சுமப்பது போன்ற ஏற்பாடு. வினாடிக்கு 100 மெகாபைட் வரை போகக்கூடிய பாதை, ஏட்டளவிலேயே 16.7 மெகாபைட்டுக்குச் சுருங்கிவிடும்.

தொழில்நுட்பக்காரர்களுக்கு இது பழங்கதை. தத்துவம் படிப்பவர்களுக்கு இதில் இன்னும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது. அந்த ஆறு பிழைகளும் ஒரே நாளில் வந்திருக்க வேண்டியதில்லை. உறக்க நிலையிலிருந்து எழும்போது டிஸ்க் சற்றுத் தாமதித்திருக்கலாம்; இணைப்பு ஒரு முறை ஆடியிருக்கலாம். இடையில் லட்சக்கணக்கான முறை தரவு பிழையின்றி வந்து சேர்ந்திருக்கும். அவையெல்லாம் கணக்கில் வராது. பிழை மட்டுமே கூடும், எதுவும் கழியாது. வேகம் ஒரு முறை இறங்கிவிட்டால் தானாக ஏறுவதும் இல்லை. ஆகவே இன்று டிஸ்க் நலமாக இருக்கலாம், இணைப்பும் இறுக்கமாக இருக்கலாம். மெதுவாக ஓடுவதற்குக் காரணம் பழுது அல்ல, என்றோ நேர்ந்த பழுதின் நினைவு. குற்றம் போய்விட்டது, அவநம்பிக்கை தங்கிவிட்டது. நம்புவதற்கு ஆதாரம் வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறோம். ஐயப்படுவதற்கும், அந்த ஐயத்தைத் தொடர்ந்து வைத்துக்கொள்வதற்கும் ஆதாரம் வேண்டாமா? வேண்டும் என்பதே என் கட்சி. ஐயம் என்பது செலவில்லாத ஓய்விடம் அன்று. அதுவும் ஒரு நிலைப்பாடுதான். எந்த நிலைப்பாட்டையும் போல அது தன் ஆதாரத்தைக் காட்டியாக வேண்டும், ஆதாரம் போனால் தானும் போயாக வேண்டும்.

இந்திய மெய்யியலில் இந்தக் கேள்வியை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டு சண்டை போட்டவர்கள் மீமாம்சகரும் நையாயிகரும். ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தவராகக் கருதப்படும் குமாரில பட்டர், ‘சுலோகவார்த்திகம்’ என்ற தம் நூலில் ஒரு துணிச்சலான கருத்தை வைத்தார். ஓர் அறிவு பிறக்கும்போதே செல்லுபடியாகும் தன்மையுடன்தான் பிறக்கிறது. அதை மெய்ப்பிக்க வெளியிலிருந்து இன்னொரு சான்று தேவையில்லை என்றார். தேவை என்று வைத்தால், அந்தச் சான்றுக்கு ஒரு சான்று, அதற்கு இன்னொன்று என்று முடிவே இருக்காது. ஆனால் இது கண்மூடித்தனமான நம்பிக்கை அல்ல. நம்பிக்கையை விலக்க இரண்டு வழிகளை அவர் திறந்து வைக்கிறார். ஒன்று, முந்தைய அறிவை நேரடியாக மறுக்கும் பிந்தைய அறிவு: வெள்ளி என்று குனிந்து எடுத்தால் கையில் கிளிஞ்சல். மற்றொன்று, அறிவைத் தந்த கருவியிலேயே குறை இருப்பது தெரியவருதல்: மஞ்சள் காமாலைக்காரர் சங்கை மஞ்சள் என்கிறார், சங்கை நாம் பார்க்காவிட்டாலும், கண்ணில் கோளாறு என்று தெரிந்ததுமே அவர் பேச்சைத் தள்ளிவைக்கிறோம். இந்த இரண்டில் ஒன்றும் வராத வரை முதல் அறிவு நிற்கும்.

டிஸ்க் விஷயத்தில் இந்த இரண்டாவது வழி மிக நுட்பமாகப் பொருந்துகிறது. ஒரு கோப்பு சிதைந்து திறக்க மறுத்தால் அது முதல் வகை மறுப்பு. கோப்புகள் எல்லாம் ஒழுங்காகத் திறக்கின்றன, ஆனால் நிகழ்வுப் பதிவேட்டில் டிஸ்க் பிழை என்று வரிகள் விழுந்திருக்கின்றன என்றால் அது இரண்டாம் வகை. எந்தத் தரவும் பொய் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. தரவைத் தரும் கருவியின் யோக்கியதைதான் கேள்விக்கு வந்திருக்கிறது. அந்த நேரத்தில் நம்பிக்கையை நிறுத்திவைப்பது நியாயமே. விண்டோஸ் செய்த முதல் காரியத்தில் பிழை இல்லை. பிழை அதற்கு அடுத்த கட்டத்தில். கருவியில் குறை என்ற அந்த அறிவும் ஓர் அறிவுதானே? அதுவும் மறுக்கப்படக் கூடியதுதானே? குமாரிலர் இதையும் யோசித்திருக்கிறார். மறுத்த அறிவையே மறுக்க இன்னோர் அறிவு வந்தால், முதல் அறிவு தன் பழைய தகுதியை மீண்டும் பெறும். இப்படி மூன்று நான்கு அறிவுகளுக்குள் காரியம் முடிந்துவிடும், அதற்கு மேல் தேடத் தேவையில்லை என்று எண்ணிக்கையோடு சொல்கிறார். அனுபவமுள்ள சர்வீஸ் கடைக்காரரின் கணக்கும் ஏறத்தாழ இதுதான்: பதிவேட்டைப் பார், இணைப்பைக் கழற்றி மாட்டு, டிஸ்க்கை வேறொரு இயந்திரத்தில் வைத்துப் படித்துப் பார். மூன்றாவது சோதனையில் ஏதோ ஒரு பக்கம் முடிவாகிவிடும். பிழைகளைக் கணக்கிடும் எக்ஸ்பியின் எண்ணியில் இந்த மூன்றாவது படி இல்லை. அது மறுப்பைக் கேட்கும். மறுப்பின் மறுப்பைக் கேட்கக் காது கிடையாது.

குமாரிலர் இவ்வளவு பாடுபட்டது வேதத்தின் பொருட்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வேதத்துக்கு ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இல்லாததால் ஆசிரியரின் குறை என்ற பேச்சுக்கு இடமில்லை. ஆகவே அதன் அறிவை விலக்க எதுவும் வர முடியாது என்பது அவர் போட்ட கோட்டை. மனிதர் செய்த டிஸ்க்குக்கு இந்த வாதத்தைப் பொருத்தலாமா என்று கேட்பவர் உண்டு. வேதத்துக்கு அவர் கேட்ட விதிவிலக்கை நான் டிஸ்க்குக்குக் கேட்கவில்லை. மனித வாக்கில் குறை இருக்கக்கூடும், அதனால் அதை விசாரிக்கலாம் என்று அவரே ஒப்புக்கொள்கிறார். எடுத்துக்கொள்ள வேண்டியது அவர் வகுத்த நடைமுறை: நம்பிக்கையில் தொடங்கு, குறிப்பிட்ட காரணம் வந்தால் நிறுத்து, அந்தக் காரணம் விழுந்தால் திரும்பு. உற்பத்தியாளரின் வாக்கும் இதற்கு உட்பட்டதுதான். 2007-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் பியாங்கா ஷ்ரோடரும் கார்த் கிப்சனும் வெளியிட்ட ஆய்வில், டிஸ்க்குகளின் தகவல் தாள்கள் ஆண்டுக்கு அதிகபட்சம் 0.88 சதவீதம் பழுதாகும் என்று காட்ட, களத்தில் மாற்றப்பட்டவை பெரும்பாலும் 1 சதவீதத்தைத் தாண்டி, 2 முதல் 4 வரை சகஜமாகவும், சில இடங்களில் 13 வரையும் இருந்தன. தாள் பொய் என்று இதற்குப் பொருளில்லை. அந்த வாக்கு எந்தச் சூழலில் சொல்லப்பட்டது என்று விசாரிக்கக் காரணம் கிடைத்துவிட்டது என்பதே பொருள். ‘புத்தம் புது லேப்டாப் ஆயிற்றே’ என்ற வியப்பும் இங்கே அடிபடுகிறது. புதுமை ஒரு பிரமாணம் அன்று; எந்த மெய்யியலாரின் பட்டியலிலும் அது கிடையாது.

நையாயிகர் இதற்கு வேறு பதில் சொல்வார்கள். அறிவு தானாகச் செல்லுபடியாவதில்லை. அதைக் கொண்டு ஒரு செயலில் இறங்கி, அச்செயல் பலித்தால்தான் அறிவு மெய் என்று தெரியும். தூரத்தில் தண்ணீர் தெரிகிறது; போய்க் குடித்தோம், தாகம் தீர்ந்தது; ஆகவே கண்டது தண்ணீரே. வாத்ஸ்யாயனர் நியாய சூத்திர உரையைத் தொடங்குவதே இந்தக் கருத்தோடுதான். லேப்டாப்பை நம்பும் நம் வழக்கத்துக்கு இது இன்னும் நெருக்கமாகத் தோன்றும். ஆனால் இதில் ஒரு பள்ளம் இருக்கிறது, எக்ஸ்பி காலத்தில் அதில் விழாதவர் குறைவு. சோம்பிப் போன லேப்டாப்பின் சொந்தக்காரர் வைரஸ் என்று சந்தேகிப்பார், டிஸ்க்கை அழித்து விண்டோஸை மறுபடி நிறுவுவார், இயந்திரம் பறக்கும். செயல் பலித்தது, ஆகவே வைரஸ்தான் என்று முடிவுகட்டுவார். உண்மையில் நடந்தது, மறுநிறுவலில் பழைய பிழைக்கணக்கும் சேர்ந்து அழிந்தது, அவ்வளவுதான். பலன் கிடைத்தது மெய், நோய்க்குச் சொன்ன பெயர் பொய். இதை நையாயிகர் அறியாதவர்கள் அல்லர். தீ இருக்கும் இடத்திலெல்லாம் புகை இருக்கும் என்று ஒருவர் சொன்னால், ஈர விறகு என்ற ஒரு மறைமுக நிபந்தனை அங்கே ஒளிந்திருக்கிறது என்று அவர்கள் சுட்டிக்காட்டுவார்கள்; இதற்கு உபாதி என்று பெயர். மறுநிறுவலுக்கும் வேகத்துக்கும் நடுவே ஒளிந்திருந்த ஈர விறகு அந்த எண்ணிதான். டிவைஸ் மேனேஜரில் டிஸ்க்கின் இணைப்புப் பாதையான ஐடிஇ சேனலை மட்டும் நீக்கிவிட்டு இயந்திரத்தை மறுபடி தொடங்கினாலே வேகம் திரும்பியது என்பது இதற்குச் சான்று: விண்டோஸும் அப்படியே இருந்தது, வைரஸ் இருந்திருந்தால் அதுவும் அப்படியே இருந்திருக்கும்.

இனி வலுவான எதிர்வாதத்துக்கு வருவோம். அவநம்பிக்கையால் வருவது மந்தம் மட்டுமே. நம்பிக்கையால் வரக்கூடியது தரவு நாசம். வேகம் போனால் பொறுமை போகும்; தரவு போனால் ஆறு மாத உழைப்பு போகும். ஆகவே ஐயத்தின் பக்கம் சாய்வதே விவேகம், பிஐஓ என்பது ஜாக்கிரதையின் விலை. இந்த வாதம் சமய விவாதங்களிலும் பல வேடங்களில் வருவதுதான். மேலோட்டமாகப் பார்த்தால் அசைக்க முடியாதது. ஆனால் அந்தப் பாதைகளின் உள்ளமைப்பைப் பார்த்தால் தலைகீழாகிறது. அல்ட்ரா டிஎம்ஏ என்ற வேகமான முறை வந்தபோதுதான் கேபிள் வழியே போகும் தரவுக்கு சிஆர்சி என்ற சரிபார்ப்பு சேர்க்கப்பட்டது. அனுப்பியவரும் பெற்றவரும் தனித்தனியே ஒரு கணக்குப் போட்டு ஒப்பிடுவார்கள். பொருந்தாவிட்டால் அந்தத் தரவு ஏற்கப்படாது. பழைய பிஐஓ முறையில் இந்தச் சரிபார்ப்பே கிடையாது. அதாவது பிழைகளைக் கண்டு பயந்த இயந்திரம், பிழைகளைக் காணவே முடியாத இடத்துக்குப் பின்வாங்கியது. மெதுவான பாதையில் மின்குறிகளுக்கு அவகாசம் அதிகம், அதனால் பிழைக்கு வாய்ப்பு குறையும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்தக் குறைந்த வாய்ப்பில் ஒன்று நேர்ந்துவிட்டால் சொல்வதற்கு ஆளில்லை. எண்ணி அதன்பின் அமைதியாக இருக்கும். அந்த அமைதியே ‘இறங்கியது சரிதான், பார், இப்போது பிழையே இல்லை’ என்று சான்று சொல்லும். தன்னைச் சோதிக்கும் வாய்ப்பையே மூடிவிட்டு, சோதனையில் தேறியதாகக் காட்டிக்கொள்ளும் ஐயம் இது. நம்பிக்கையாளர்களைப் பற்றித்தான் இப்படிச் சொல்வது வழக்கம். ஐயவாதிகளுக்கும் இந்த வசதி உண்டு என்பதை ஒரு சாதாரண டிரைவர் நிரல் காட்டிவிட்டது.

ஐயம் எப்போதும் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டால் வாதம் கெட்டுவிடும். பிழையின் இடம் கேபிளாக இல்லாமல் டிஸ்க்கின் தட்டாகவே இருந்தால் கதை வேறு. தட்டில் ஒரு செக்டர் கெட்டிருந்தால் டிஸ்க் அதை விடாமல் திரும்பத் திரும்பப் படிக்க முயலும். நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் லேப்டாப் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்குச் சுமார் 11 மில்லிவினாடி. தவறவிட்ட செக்டர் மறுபடி தலைக்கு அடியில் வர அவ்வளவு காத்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கான முயற்சிகள் சேர்ந்தால் வினாடிக்கணக்கில் இயந்திரம் உறைந்து நிற்கும். இந்த மந்தத்தில் காரணம் இன்னும் உயிரோடிருக்கிறது. கூகுளில் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை வைத்து நடந்து 2007-இல் வெளியான ஆய்வு, முதல் ஸ்கேன் பிழை கண்ட டிஸ்க் அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு, அத்தகைய பிழை இல்லாததைவிட 39 மடங்கு என்று கண்டது. இங்கே ஒரே பிழை போதும், ஆறு வரை எண்ணிக் காத்திருக்க வேண்டாம். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது: செயலிழந்த டிஸ்க்குகளில் 56 சதவீதம், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றையும் முன்கூட்டிக் காட்டவில்லை. ஸ்மார்ட் என்பது டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதும் சாட்சியம். பல நேரம் நோயாளிக்கே தன் நோய் தெரிவதில்லை. ஆக, கேபிளில் வந்த ஆறு பிழை மறக்கத் தக்கது, தட்டில் வந்த ஒரே பிழை மறக்கக் கூடாதது. எக்ஸ்பியின் எண்ணிக்கு இந்த வேறுபாடு தெரியாது. கெட்ட செக்டரால் வந்த தாமதமும், உறக்கம் கலைந்த தாமதமும் அதற்கு ஒரே தாமதம். எவ்வளவு ஐயம் என்பதை எண்ணத் தெரிந்த அதற்கு, எதைப் பற்றிய ஐயம் என்று கேட்கத் தெரியவில்லை.

ஐயத்தின் எல்லையைப் பற்றி இன்னும் கூர்மையாகப் பேசியவர் பத்தாம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்த உதயனர். சந்தேகத்துக்கு முடிவே இல்லையே என்ற வாதத்துக்கு ‘நியாயகுஸுமாஞ்சலி’யில் அவர் தந்த விடை: ஐயம் உன் சொந்தச் செயலோடு முரண்படும் இடத்தில் நின்றுவிடுகிறது. தீயிலிருந்து புகை வருமா என்று சந்தேகிப்பவர், புகை வேண்டியபோது தீயைத்தானே மூட்டுகிறார்? பின்னர் வந்த ஸ்ரீஹர்ஷர் உதயனரின் சொற்களையே திருப்பிப் போட்டுக் கேலி செய்தார்: முரண்பாடு என்று ஒன்று தெரிய வேண்டுமானால் அங்கே ஐயம் முதலில் இருந்தாக வேண்டுமே, அப்புறம் முரண்பாடு ஐயத்தை எப்படி ஒழிக்கும்? தர்க்கத்தில் ஸ்ரீஹர்ஷரின் அடி பலமானதுதான். பதினான்காம் நூற்றாண்டில் கங்கேசர் அதற்கு விடை தேட வேண்டியிருந்தது. ஆனால் உதயனர் சொன்னதைத் தர்க்கத் தடையாகக் கொள்ளாமல், ஐயம் உண்மையானதா என்று பார்க்கும் உரைகல்லாகக் கொண்டால் கேலி அவரைத் தொடாது. ‘இந்த டிஸ்க் போய்விட்டது’ என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டு, அன்று மாலையே குடும்பப் புகைப்படங்களை அதில் மட்டும் சேமிப்பவருக்கு டிஸ்க்கின்மேல் ஐயம் இல்லை, மனக்குறைதான் இருக்கிறது. மெய்யாக ஐயப்படுபவர் முதலில் பிரதி எடுப்பார். ஐயம் கொண்டவர் செய்யும் ஒரே நேர்மையான செயல் அது; டிஸ்க் நல்லது என்றானாலும் கெட்டது என்றானாலும் வீணாகாது. நியாய சூத்திரம் தன் பதினாறு பொருள்களில் ஐயத்தை மூன்றாவதாக வைப்பதும் இந்த நோக்கில்தான்: அது விசாரணையின் வாசல். வாசலிலேயே பாயைப் போட்டுப் படுத்துக்கொள்பவருக்கு சூத்திரம் இடம் வைக்கவில்லை.

இயந்திரத்துக்கு ஏது நம்பிக்கையும் ஐயமும், இதெல்லாம் வெறும் உருவகம் என்று ஒதுக்கலாம். டிரைவர் நிரலுக்கு மனம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘மொத்தம் ஆறு’ என்று எழுதிய பொறியாளருக்கு மனம் உண்டு. எத்தனை சான்று கிடைத்தால் ஒன்றைக் கைவிடலாம், எது கிடைத்தால் மீண்டும் ஏற்கலாம் என்ற கொள்கையைத்தான் அவர் எண்ணாக்கி வைத்தார். கொள்கைக்கு மனம் தேவையில்லை. அதைச் சரி தவறு என்று மதிப்பிட முடியும், அது போதும்.

தமிழில் இந்தக் கொள்கை விவாதத்துக்குச் சொற்கள் எப்போதோ தயாராகிவிட்டன. மணிமேகலையில் வஞ்சி மாநகரத்துச் சமயவாதிகள் பேசும் காதையில், அளவைகள், அதாவது பிரமாணங்கள், பத்தைச் சொன்ன கையோடு, அளவை போலத் தோன்றி ஏமாற்றும் எட்டும் பட்டியலிடப்படுகின்றன. நிற்பது கட்டையா மனிதனா என்று ஊசலாடும் ஐயமும் அதில் உண்டு. ஆராயாமலே கட்டையை மனிதன் என்று முடிவுகட்டும் ‘தேராது தெளிதல்’ என்பதும் உண்டு. இரண்டும் ஒரே வரிசையில் குறைகளாக நிற்கின்றன. ஐயத்துக்குத் தனி மரியாதை இல்லை. திருக்குறளில் தெரிந்துதெளிதல் அதிகாரம் முடியும் இடமும் இதே சமன்பாடுதான்: சோதிக்காமல் நம்புவதையும், சோதித்து நம்பியபின் சந்தேகிப்பதையும் வள்ளுவர் ஒரே தட்டில் வைத்து, இரண்டுமே தீராத துன்பம் என்கிறார். அப்படியானால் நம்பியவரிடம் பிறகு குறை தெரிந்தாலும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமா என்று கேட்கத் தோன்றும். நான் படிக்கும் விதத்தில் இல்லை. புதிய குறை வெளிப்பட்டால் அது புதிய விசாரணை. வள்ளுவர் தடுப்பது புதிய காரணம் இல்லாத ஐயத்தை.

மைக்ரோசாஃப்ட்டே பின்னாளில் இந்த எண்ணிக்கு ஒரு திருத்தம் தந்தது. மொத்தம் ஆறு என்பதை இடைவிடாமல் தொடர்ந்து ஆறு என்று மாற்றும் திருத்தம். நடுவில் ஒரு முறை தரவு சரியாக வந்து சேர்ந்தால் கணக்கு பூஜ்யத்துக்குத் திரும்பும். குமாரிலரின் மூன்றாவது அறிவுக்கு அன்றுதான் காது கிடைத்தது. ஆனால் திருத்தத்தை நிறுவினால் மட்டும் போதாது, ‘ரீசெட் எரர் கவுன்ட்டர்ஸ் ஆன் சக்சஸ்’ என்ற மதிப்பை ரெஜிஸ்ட்ரியில் யாராவது எழுதி வைக்க வேண்டும். எழுதாத வரை பழைய கணக்கே ஓடும், ஆறு வரை.